யார் ஊட்டு ஏனுங்க

பேச்சு சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து நான் எழுந்து போய்விடுகிறேன் என்று உங்கள் நான்கு பேருக்கும் என்மேல் கோபம். நேற்றும் அப்படித்தான். முழங்கால் வலிக்குப் பிரண்டைத் துவையல் நல்லதா, ஆப்பரேஷன் நல்லதா என்று நம் பெஞ்சில் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. பி பிளாக் பக்கம் யாரோ ஒரு பெண் யாரையோ கூப்பிட்டாள். நான் போய்விட்டேன். அவள் பால்காரரைக் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பி வந்தால், "வந்துட்டாங்கப்பா நம்ம வாட்ச்மேன்" என்று ஒருத்தி சொல்ல, மற்ற மூவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. சிரியுங்கள். ஐம்பதைத் தொடப்போகிற வயதில் இனி என் குணம் மாறப்போவதில்லை. ஆனால் இந்தக் குணம் எப்படி வந்தது என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஒரே தடவைதான். நடுவில் யாரும் "அச்சச்சோ" என்று ஆரம்பிக்கக் கூடாது. எனக்குப் பிடிக்காது.

எனக்கு அப்போது பதினோரு வயது. வளைகுடாவில் சண்டை நடந்துகொண்டிருந்த தை மாதம். பீளமேட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், அவற்றுக்கு முன்னால் நீளமாக ஒரு நடை. நடை ரோட்டைத் தொடுகிற இடத்தில் டைலர் மாமாவின் கடை. கடை முன்னால் இருந்தாலும் அவர் வீடு நடையின் கடைசிக்கு முந்தியது. கடைசி வீடு மோட்டார் மாமாவுடையது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். எங்கள் வீடும் கண்டக்டர் மாமா வீடும் நடுவில் இருந்தன.

மாமா என்றால் சொந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். லைன் வீட்டில் எல்லோரும் மாமா, எல்லோரும் அத்தை.

சாயங்காலம் நாலு மணிக்கு டைலர் கடை வாசலில் நான்கு பேர் கூடுவார்கள். அப்பா மில்லில் குமாஸ்தா. மில் பூட்டிக் கிடந்ததால் பேப்பரைப் படித்துக் காட்டுவது அவர் வேலையாகிவிட்டது. கண்டக்டர் மாமா ரிட்டயர் ஆனவர். யார் எதைச் சொன்னாலும் மறுப்பார். டைலர் மாமா பொங்கல் துணிகள் முடிந்த அலுப்பில் காஜா எடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். மோட்டார் மாமா கிணற்று மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர்; கட்டிய காயிலுக்கு வார்னிஷ் பூசிக் காயவைத்துவிட்டு, அந்த வாசனையோடேயே வந்து உட்காருவார். எல்லோருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டு வெட்டுத்துணிக் குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். துரத்த மாட்டார்கள்.

என்ன பேச்சு என்கிறீர்கள்! பாக்தாத்துக்குக் காந்திபுரத்திலிருந்து நேர் பஸ் விட்டால் எத்தனை நாள் ஆகும். சண்டை முற்றினால் கெரசின் கிடைக்குமா. கோழி தண்ணீர் குடித்ததும் ஏன் மேலே பார்க்கிறது. பூமி சுற்றுகிறது என்றால் மேலே எறிந்த கல் ஏன் அதே இடத்தில் விழுகிறது. "பூமி சுத்துதுன்னு நீங்க கண்டீங்களா?" என்பார் கண்டக்டர் மாமா. "முப்பது வருஷம் ரோட்டுல போயிருக்கேனுங்க, ஒரு நாளும் எனக்கு ஆடலை." அப்பா பேப்பரை மடித்துத் தொடையில் தட்டிக்கொண்டு சண்டைக்குத் தயாராவார். உலகத்திலேயே பெரிய அறிவாளிகள் இவர்கள்தான் என்று நான் நம்பினேன்.

பேச்சின் நடுவே வீடுகளிலிருந்து குரல் வரும். "ஏனுங்க!"

நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுவதும் ஏனுங்கதான். பால்காரரை, தபால்காரரை, ரோட்டில் போகிற முன்பின் தெரியாதவரைக் கூப்பிடுவதும் ஏனுங்கதான். ஆனால் கடை வாசலில் உட்கார்ந்திருந்த நாலு ஆண்களைப் பொறுத்தவரை, நடைக்குள்ளிருந்து ஏனுங்க வந்தால் அது நால்வரில் ஒருவருக்கு அவர் பெண்டாட்டி விடுகிற அழைப்பு. வேறொன்றாக இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. "யார் ஊட்டு ஏனுங்க அது?" என்று கண்டக்டர் மாமா கேட்பார். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

நான்தான் சொல்ல வேண்டும். அது ஒரு விளையாட்டு. அம்மாவின் ஏனுங்க வெடுக்கென்று கடித்துத் துப்பியது போலிருக்கும். கண்டக்டர் அத்தை "ஏஏஏனுங்கோவ்" என்று பஸ் ஸ்டாண்டு வரை இழுப்பாள். டைலர் அத்தை கனத்த சரீரம், இளைப்பு உண்டு. "ஏ" என்று ஒரு மூச்சு, நின்று, "னுங்க" என்று இன்னொரு மூச்சு. மோட்டார் அத்தையின் ஏனுங்க அபூர்வம். மெதுவாக, ஒரே தடவை வரும். சரியாகச் சொன்னால் டைலர் மாமா நீல மார்க்கிங் சாக்பீஸில் ஒரு துண்டு உடைத்துக் கொடுப்பார். பாண்டி ஆடக் கோடு போட அதற்கு ஈடு கிடையாது. நான் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. எனக்கு அதில் தலைக்கனம் வேறு.

மோட்டார் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளை நான் வெறும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். குழந்தை இல்லை. நெஞ்சில் வால்வு சுருங்கிவிட்டது. நாலடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆனால் மூளை இருந்ததே, அந்த நாலு ஆண்களையும் ஒரு கையில் வாங்கி மறு கையில் விற்றுவிடுவாள். காயிலுக்குப் பருத்தி நாடா சுற்றிக்கொண்டே ரேடியோவில் செய்தி கேட்பாள். எதையாவது யோசித்துக்கொண்டே இருப்பாள். ஆண்கள் கூட்டத்தில் வந்து உட்காருகிற வழக்கம் கிடையாது. அதனால் கேள்வியை என்னிடம் கொடுத்து அனுப்புவாள். கோழி தண்ணீர் குடிக்கிற கேள்வி அவளுடையதுதான். அவர்கள் அது என் கேள்வி என்று நினைத்து, "எட்டாங்கிளாஸ் புள்ளைக்குக்கூட இந்தப் புத்தி வராதுங்க" என்று அப்பாவிடம் மெச்சுவார்கள். நானும் திருத்தியதில்லை. இரவுச் சமையலுக்கு முன்னால் நான் போய் அத்தையிடம் பதிலை ஒப்பிக்க வேண்டும். கேட்டுவிட்டு, "இத்தன பேரு சேந்து இதத்தான் கண்டுபுடிச்சாங்களா?" என்று மூச்சு வாங்கச் சிரிப்பாள்.

கார்த்திகையில் ஒரு தடவை அவளுக்கு மூச்சு முட்டியது. மாமா வீட்டிலேயே இருந்தார். உட்கார்ந்த வாக்கிலேயே ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனார், ஊசி போட்டார்கள், இரண்டு நாளில் தன் காலால் நடந்து வந்தாள். டாக்டர் சொன்னதை மாமா கடை வாசலில் எல்லோருக்கும் சொன்னார். மாசியில் ஆப்பரேஷன். அதுவரை தாக்குப்பிடித்துவிட்டால் பயமில்லை. நடுவில் மறுபடி மூச்சு முட்டினால் படுக்க வைக்கக் கூடாது. அரை மணிக்குள் கொண்டுவந்தால் காப்பாற்றிவிடலாம்.

"நானில்லாத நேரத்துல எதாச்சும் ஆச்சுன்னா..." என்று மாமா இழுத்தார்.

"அட, என்னங்க நீங்க," என்றார் அப்பா. "நாங்க எதுக்கு இருக்கோம்? ஒரு சத்தம் போடச் சொல்லுங்க. ஓடியார மாட்டோமா?"

இதை நான் போய்ச் சொன்னபோது அத்தை நாடாவைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். "உங்கொப்பன் நெம்ப நல்லவரு கண்ணு" என்றாள் என்னிடம்.

அந்த நாளுக்கு வருகிறேன். முந்தின சாயங்காலம் அத்தை எனக்கு ஒரு கேள்வி கொடுத்திருந்தாள். "பஸ்ஸுக்குள்ள ஒரு ஈ பறக்குது. சீட்டுல உக்காரவே இல்ல, பறந்துட்டே இருக்குது. பஸ்ஸு கோயமுத்தூர்ல பொறப்பட்டுப் பெருந்துறைக்குப் போயிருச்சு. அந்த ஈ பறந்து போச்சா, பஸ்ஸுல போச்சா? கேட்டுட்டு வந்து சொல்லோணும்."

அன்று மத்தியானம் மாமா ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கடை வாசலில் நின்று, "அவ தனியா இருக்கா, ஒரு கண்ணு வெச்சுக்குங்க. பொழுதோட வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். மூவரும் தலையாட்டியிருக்கிறார்கள். நான் நாலரைக்கு வந்தேன். அம்மாவும் கண்டக்டர் அத்தையும் அடுத்த வீதிக் குழாயில் சிறுவாணித் தண்ணீருக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். டைலர் அத்தை வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஈயை எடுத்து விட்டேன். பற்றிக்கொண்டது.

"பஸ்ஸுக்கு டிக்கெட்டு எடுக்காத ஜீவன் அது ஒண்ணுதானுங்க" என்றார் கண்டக்டர் மாமா. "ஆனா பஸ்ஸுலதான் போவுது. எத்தன ஈயப் பாத்திருக்கேன்."

"பறக்கறப்ப அது பஸ்ஸத் தொடலையே. அப்பறம் எப்படி பஸ்ஸு அதக் கூட்டிட்டுப் போகும்?" என்றார் அப்பா.

"அப்ப கடைசி சீட்டுல போய் நசுங்கோணுமே! ஏன் நசுங்கறதில்ல?"

டைலர் மாமா ஊசியைச் சட்டையில் குத்திவிட்டுக் கையை இறக்கை மாதிரி ஆட்டிக் காட்டினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்போதுதான் நடையின் கடைசியிலிருந்து குரல் வந்தது.

"ஏ... னுங்க."

"யார் ஊட்டு ஏனுங்க அது?" என்றார் கண்டக்டர் மாமா, ஈயை விடாமலேயே.

நான் யோசிக்கவில்லை. இரண்டு மூச்சாக வந்தது. இரண்டு மூச்சு என்றால் டைலர் அத்தை. "டைலரத்தைங்க!" என்று கத்தினேன்.

அப்பாவுக்கு ஒரு கணம் என்னவோ தோன்றியிருக்க வேண்டும். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "மோட்டார்காரரு ஊடா இருக்கப்போவுதுங்க" என்றார்.

"அவங்க ஊட்ல ஏனுங்க சொல்றதுக்கு அவருதான் இல்லியே," என்றார் கண்டக்டர் மாமா. "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கற மனுசன அந்தம்மா எதுக்குக் கூப்பிடறாங்க?"

நியாயமாகத்தான் இருந்தது. அப்பாகூடச் சிரித்தார். டைலர் மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்பக்கம் திரும்பி, "வாரேன்!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை. காப்பிக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். எனக்கு ஒரு துண்டு நீலச் சாக்பீஸை உடைத்துக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது. முன்னைவிடச் சின்னதாக. "வாரேன்னு சொல்றனல்ல! இரு புள்ள!" என்று அதட்டினார் டைலர் மாமா. அதற்குப் பிறகு குரல் இல்லை. "அதட்டுனாத்தான் அடங்கறாங்க" என்றார் கண்டக்டர் மாமா. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பேச்சில் ஈ பெருந்துறை போய்ச் சேருவதற்குள் இன்னும் இருபது நிமிஷமாவது போயிருக்கும். அப்போது ரோட்டுப் பக்கமிருந்து டைலர் அத்தை வந்தாள். இடுப்பில் மாவு டப்பா, முகத்தில் புருவம் வரை மாவு.

"என்ன புள்ள, இப்பத்தான உள்ளயிருந்து கூப்பிட்ட?" என்றார் டைலர் மாமா.

"நானா? நான் பின்வாசல் வழியா மாவு மில்லுக்குப் போய் ஒரு மணி நேரமாச்சு. எங்கீங்க கூப்பிட்டேன்?"

அப்பாவின் மடியிலிருந்து பேப்பர் விழுந்தது. மூன்று பேரும் ஓடினார்கள். அந்த வயதில் அவர்கள் ஓடி நான் பார்த்ததே இல்லை. நானும் பின்னால் ஓடினேன்.

கதவு அகலத் திறந்திருந்தது. அத்தை நிலைப்படியில் முதுகைச் சாய்த்து, நடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது; மூச்சு விட்டு விட்டு இழுத்தது. காலில் செருப்புப் போட்டிருந்தாள். பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஒயர் கூடை. அதில் பைல், ஒரு துண்டு, தம்ளர், சீப்பு. தலைகூட வாரியிருந்தாள், பாதிவரை. டைலர் மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மணி, அம்மணி, நான் வந்துட்டனுங்க" என்றார். தெருமுனையிலிருந்து ஆட்டோ வந்தது. தூக்கி வைத்தார்கள். செருப்பு ஒன்று கழன்று நடையில் விழுந்தது.

அப்பா ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் திரும்பி வந்தார். என் தோளை அழுத்திப் பிடித்தார். வலித்தது. "கண்ணு, நமக்குச் சத்தம் எதுவும் கேக்கலை. வெளங்குதா? யாரு கேட்டாலும் அதுதான்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆட்டோ போகிற வழியும் மாமா வந்த பஸ்ஸின் வழியும் வேறு. டைலர் அத்தை தலையில் அடித்துக்கொண்டு குழாயடிக்கு அம்மாவைக் கூப்பிட ஓடியிருந்தாள். அதனால் மாமா தேதிச் சீட்டோடு நடைக்குள் வந்தபோது எதிரில் நான் மட்டும்தான் நின்றேன். கையில் அந்த ஒற்றைச் செருப்பு.

"அத்த எங்க கண்ணு?"

"ஆஸ்பத்திரிக்குங்க மாமா."

"நான் இப்பத்தான அங்கிருந்து வாரேன்" என்று சொல்லிச் சிரிக்கப் போனவர் செருப்பைப் பார்த்துவிட்டார். அப்படியே சுவரில் கையை ஊன்றினார். "கூப்பிட்டாளா? உங்களயெல்லாம் கூப்பிட்டாளா?"

"இல்லைங்க மாமா. சத்தமே கேக்கலைங்க."

பொய் சொன்னால் நாக்குக் குழறும் என்பார்கள். எனக்குக் குழறவில்லை. சுத்தமாக வந்தது.

அவர் தலையை ஆட்டினார். "கூப்பிட மாட்டா. எனக்குத் தெரியும். அடுத்தவங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கம்முனு உக்காந்திருப்பா. கூச்சம் புடிச்சவ" என்றார். சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்த வழியே ஓடினார். அவள் பாதி வழியிலேயே போய்விட்டிருந்தாள் என்பது அவருக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

மறுநாள் கேதத்துக்கு ஊரே வந்தது. கண்டக்டர் மாமா எல்லோர் முன்னாலும் வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். "ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா அம்மணி! கல்லாட்ட மூணு பேரு உக்காந்திருந்தோமே!" அழுகை நிஜம்தான். மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை. டைலர் மாமா பத்து நாள் மிஷினைத் தொடவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இது தொண்டையில் சிக்கியிருக்காது.

கொஞ்ச நாளில் மாமா மறுபடி கடை வாசலுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். வேறெங்கே போவார்? அவருக்கு நல்ல நாற்காலியைக் கொடுத்தார்கள். அம்மா தினம் ஒரு குண்டா குழம்பு கொடுத்தனுப்பினாள். பேச்சு மட்டும் பழையபடி எழவில்லை. சண்டை முடிந்த செய்தியைக்கூட அப்பா ரேஷன் அறிவிப்புப் படிக்கிற மாதிரிப் படித்தார். யார் ஊட்டு ஏனுங்க என்று எவரும் கேட்பதில்லை. உள்ளிருந்து எந்தக் குரல் வந்தாலும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுவார்கள். மாமா மட்டும் உட்கார்ந்திருப்பார்.

துக்கம் அவருக்குக் கோபமாக மாறிப்போனது. அத்தையின் மேல்தான். காயில் கட்டிக்கொண்டே திட்டுவார். லைனில் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி காய்ச்சலோடு வெளியே சொல்லாமல் கிடந்தபோது, "கூச்சம் ஆளக் கொன்னுபோடும் அம்மணி. என்ற ஊட்டுக்காரியப் பாத்துத் தெரிஞ்சுக்குங்க. பக்கத்துல மூணு ஆம்பளைங்க இருந்தும் வாயத் தொறக்காமச் செத்தவ" என்றார். அது அப்படியே பரவிவிட்டது. கூச்சத்தில் செத்த பெண் என்று அத்தைக்குப் பேரே ஆகிவிட்டது. கேட்டுக்கொண்டு அப்பா பேசாமல் நிற்பார். நானும் நிற்பேன். என்னுடைய அத்தை, ரேடியோவையே கேள்வி கேட்டவள், வாய் திறக்கத் தெரியாத அசடு என்று ஊர் சொல்லிற்று.

அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன், கொஞ்சம் வாய் வளர்ந்திருந்தது. "மாமாகிட்டச் சொல்லிடலாமுங்கப்பா." அப்பா வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "இப்ப அந்த மனுசன் அவ மேல கோவமா இருக்கறான். சொன்னா நம்ம மேல கோவமா இருப்பான். அவளுக்கு அது வலிக்காது கண்ணு. நமக்கு வலிக்கும்" என்றார். அன்றைக்கு அது எனக்கு ஞானம் மாதிரி இருந்தது. இன்று நினைத்தால் அவமானமாக இருக்கிறது. அப்பா போன அன்று மாமா வந்து காலைக் கட்டிக்கொண்டு, "கூடப் பொறந்தவனாட்ட இருந்தாருங்க" என்று அழுதார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

முப்பத்தைந்து வயதிருக்கும் எனக்கு. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே மகன் "அம்மா" என்றான். "வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன். அவனும் பிறகு கூப்பிடவில்லை. வாரேன் என்று சொல்லிவிட்டேனே, அதனால் காத்திருந்தான். அப்படியே கையில் பாத்திரத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை மூன்றாவது தடவை ஏன் கூப்பிடவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாரேன் என்று ஒருவர் சொல்லிவிட்டார். இரு என்றும் சொன்னார். அவள் நம்பினாள். வருகிறவர்களுக்குத் தாமதமாகக் கூடாது என்று செருப்பைப் போட்டுக்கொண்டு, கூடையை எடுத்து வைத்து, தலை வாரிக்கொண்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பாருங்கள், மூக்கைச் சிந்துகிறீர்கள். முடிக்க விடுங்கள்.

டைலர் மாமா, கண்டக்டர் மாமா எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். மோட்டார் மாமா மட்டும் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது. சரவணம்பட்டியில் தங்கை மகள் வீட்டில், மாடியறையில். போன ஆடியில் பார்க்கப் போனேன். "வா கண்ணு, வா, இப்படி உக்காரு" என்று கட்டிலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். நான் கொண்டுபோன தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார். சர்க்கரை, பிரஷர், தங்கை பேரன் வேலை என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நேத்துக்கூட உங்கத்த கனவுல வந்தா" என்றார். "ஏம்புள்ள, ஒரே ஒரு சத்தம் போட்டிருந்தா இன்னைக்கு எங்கூட இருந்திருப்பியல்லன்னு கேட்டேன். பதிலே சொல்ல மாட்டீங்கறா கண்ணு. பேசாம நின்னு என்னையே பாக்கறா."

என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

ஒன்றையும் விடாமல் சொன்னேன். ஈயைச் சொன்னேன், அது அத்தையின் கேள்வி என்பதைச் சொன்னேன். இரண்டு தடவை கூப்பிட்டதை, வாரேன் என்று பதில் போனதை, செருப்பை, கூடையை. அவர் பன்னைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாரேன்னு சொன்னது யாரு?"

"டைலர் மாமாங்க."

"அவன் ஊட்டு ஏனுங்கன்னு சொன்னது?"

"நானுங்க மாமா."

"எங்கிட்டச் சத்தமே கேக்கலைன்னு சொன்னது?"

"நானுங்க."

கீழே தங்கை மகள் மிக்ஸி போட்டாள். திட்டுவார் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் வேட்டியில் உதிர்ந்த பன் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டார்.

"சரிங்க," என்றார். "நீங்க போங்க."

நான் தவழ்ந்த காலத்திலிருந்து என்னை வா போ என்றே பேசியவர். போயிட்டு வா என்று சொல்லாமல் ஒரு நாளும் அனுப்பியதில்லை. "மாமா" என்றேன். "போங்கம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

படியிறங்கினேன். பாதிப் படியில் அவர் குரல் கேட்டது. என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நின்றேன். என்னை இல்லை.

"கூப்பிட்டிருக்கியே அம்மணி," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு தடவ கூப்பிட்டிருக்கியே."